பிராண்டோ வீழ்ந்த கதை: ஒரு மறுப்பு

மார்லன் பிராண்டோவின் திரை வாழ்க்கையை மூன்று அங்க நாடகமாகச் சொல்லியே நமக்குப் பழகிவிட்டது. முதல் அங்கத்தில், நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் பிறந்த இளைஞர் நியூயார்க் நாடக மேடையைக் கலக்கிவிட்டு ஹாலிவுட்டுக்குப் போகிறார். 1951இல் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்', 1954இல் 'ஆன் த வாட்டர்ஃப்ரன்ட்', கையில் ஆஸ்கர். இரண்டாம் அங்கம் வீழ்ச்சி. பத்துப் பன்னிரண்டு வருடம் கிடைத்த படத்தில் எல்லாம் நடித்துப் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார். மூன்றாம் அங்கத்தில் 1972 பிறக்கிறது, 'த காட்ஃபாதர்' வருகிறது, செத்த கலைஞர் உயிர்த்தெழுகிறார். அரங்கம் கைதட்டத் திரை விழுகிறது.

கேட்கச் சுவையான இந்தக் கதையின் நடு அங்கம் பொய். 1960களில் சரிந்தது பிராண்டோவின் வசூல். அவருடைய நடிப்பு அந்த ஆண்டுகளில்தான் மிகத் துணிச்சலான இடங்களுக்குப் போயிற்று. வசூல் சரிவதையும் கலை சரிவதையும் ஒன்றாகப் பார்ப்பது விநியோகஸ்தருக்குப் பொருத்தமான பார்வை. அவர் பணம் போட்டவர். சினிமாவை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் விமர்சகரும் ரசிகரும் ஐம்பது வருடங்களுக்குப் பிறகும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரிவதற்குத்தான் நியாயம் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடலாம். 'பெட்டைம் ஸ்டோரி' (1964), 'த அப்பலூசா' (1966), சாப்ளினின் கடைசிப் படமான 'எ கவுண்டஸ் ஃப்ரம் ஹாங்காங்' (1967), 'கேண்டி' (1968) என்று சப்பையான படங்கள் அந்தப் பத்தாண்டில் வரிசை கட்டி நிற்கின்றன. 'ம்யூட்டினி ஆன் த பௌண்டி' (1962) எம்ஜிஎம் நிறுவனத்தின் கையைச் சுட்டது. நடிப்பு ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பதுபோல் பிராண்டோவே பேட்டிகளில் பேசிக்கொண்டு திரிந்தார். 'காட்ஃபாதர்' எடுக்க முனைந்தபோது பாரமவுண்ட் மேலிடத்துக்கு அவர் பெயரைக் கேட்டாலே ஒவ்வாமை. இவ்வளவும் உண்மை. மேலே சொன்ன நான்கு படங்களில் ஒன்றைக்கூடக் காப்பாற்ற நான் வரப்போவதில்லை. ஆனால் இந்த உண்மைகளிலிருந்து 'வீணான பத்தாண்டு' என்ற முடிவுக்குத் தாவ வேண்டுமானால், இவற்றுக்கு நடுவே வந்த ஐந்தாறு படங்களைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பெரும்பாலானோர் பார்க்கவில்லை என்பதுதான் விஷயமே.

முதலில் பொற்காலத்தின் கணக்கைக் கொஞ்சம் புரட்டுவோம். 'வாட்டர்ஃப்ரன்ட்' வந்த அதே 1954இல் 'டெசிரே' என்றொரு படமும் வந்தது. ஃபாக்ஸ் நிறுவனத்தின் 'த ஈஜிப்ஷியன்' படத்திலிருந்து பாதியில் கழன்றுகொண்டதற்காகத் தொடரப்பட்ட வழக்கை முடித்துக்கொள்ள பிராண்டோ நெப்போலியன் வேஷம் போட்ட படம் அது. கடமையே என்று நடித்திருப்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். அடுத்த ஆண்டு 'கைஸ் அண்ட் டால்ஸ்' படத்தில் வராத பாட்டைப் பாடினார். 1956இல் 'த டீஹவுஸ் ஆஃப் த ஆகஸ்ட் மூன்' படத்தில் கண்களை மேக்கப்பால் இழுத்துவிட்டுக்கொண்டு ஓகினாவாக்காரராக வந்ததை இன்று பார்த்தால் முகம் சுளிக்கும். ஆக, பணத்துக்கும் வழக்குக்கும் ஒப்பந்தத்துக்கும் நடித்த படங்கள் அவருடைய எல்லாக் காலத்திலும் உண்டு. ஐம்பதுகளில் வந்தால் அது 'சிறு சறுக்கல்', அறுபதுகளில் வந்தால் 'வீழ்ச்சி' என்பது என்ன அளவுகோல்?

வீழ்ச்சிக் கதையின் தொடக்கம் பெரும்பாலும் 'பௌண்டி'தான். பிராண்டோவின் அடத்தால் செலவு எகிறியது, படம் மூழ்கியது என்பது நிலைபெற்ற வரலாறு. நடந்தது என்னவென்றால், முடிந்த திரைக்கதை கையில் இல்லாமலே எம்ஜிஎம் ஒரு பட்டாளத்தைத் தாஹிட்டிக்கு அனுப்பியது. கனடாவின் லூனன்பர்க்கில் கட்டிய கப்பல் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இயக்குநர் கரோல் ரீட் வெளியேறி, லூயிஸ் மைல்ஸ்டோன் உள்ளே வந்தார். செலவு ஏறத்தாழ 1.9 கோடி டாலரைத் தொட்டது. பிராண்டோ சாது என்று சொல்லவில்லை. வசனத்தோடும் இயக்குநரோடும் ஓயாமல் மல்லுக்கட்டினார். ஆனால் திட்டமிடாமல் கிளம்பிய ஒரு நிறுவனத்தின் மொத்தப் பழியும் ஒரே நடிகரின் தலையில் கட்டப்பட்டது. அடுத்த ஆண்டு ஃபாக்ஸ் நிறுவனம் 'கிளியோபாட்ரா'வில் இதைவிடப் பெரிய பள்ளத்தில் விழுந்தபோது பழி எலிசபெத் டெய்லர் தலையில் இறங்கியது. தொலைக்காட்சி வந்து பழைய ஸ்டூடியோ முறை ஆட்டம் கண்டுகொண்டிருந்த நேரம். நஷ்டத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, முகம் கிடைத்தது.

இனி, பார்க்கப்படாத படங்களுக்கு வருவோம். 1961இல் வெளிவந்த 'ஒன்-ஐட் ஜாக்ஸ்' பிராண்டோ இயக்கிய ஒரே படம். முதலில் ஸ்டான்லி கூப்ரிக் இயக்குவதாக இருந்தது, அவர் விலகியதும் பிராண்டோவே பொறுப்பேற்றார். ரியோ என்ற கொள்ளைக்காரனும் அவனுடைய மூத்த கூட்டாளி டாட் லாங்வொர்த்தும் மெக்ஸிகோவில் ஒரு வங்கியைக் கொள்ளையடித்துத் தப்புகிறார்கள். குதிரை கொண்டுவரப் போன டாட் திரும்பி வராமல் தங்கத்தோடு ஓடிவிடுகிறான். ரியோ ஐந்து வருடம் சிறையில் கிடந்து, தப்பி, கலிஃபோர்னியாவின் மான்டரேயில் அவனைக் கண்டுபிடிக்கும்போது அவன் அந்த ஊர் ஷெரிஃப்.

அந்தச் சந்திப்பைப் பாருங்கள். டாட் வீட்டுத் தாழ்வாரத்தில் இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். குதிரை கிடைக்கவில்லை என்று டாட் பொய் சொல்கிறான். தான் பிடிபடவே இல்லை, பழசையெல்லாம் மறந்துவிட்டேன் என்று ரியோ பொய் சொல்கிறான். இருவருக்கும் எதிராளி பொய் சொல்வது தெரியும், இருவரும் சிரிக்கிறார்கள். பிராண்டோவின் சிரிப்பு உதட்டளவில் நிற்கிறது, கண் மட்டும் ஐந்து வருடச் சிறையிலேயே இருக்கிறது. டாடாக நடிக்கும் கார்ல் மால்டனின் முகத்திலோ நிம்மதியும் சந்தேகமும் மாறி மாறி வந்து போகின்றன. துப்பாக்கி எடுக்காமல், குரல் உயராமல், ஒரு முழு வெஸ்டர்ன் படத்தின் வன்மம் அந்தப் பேச்சுக்குள் அடங்கியிருக்கிறது. நல்லவன் எவன், கெட்டவன் எவன் என்று பிரிக்க முடியாத வெஸ்டர்ன் படங்களை செர்ஜியோ லியோனேயும் சாம் பெக்கின்பாவும் பின்னால் எடுத்துப் பேர் வாங்கினார்கள். 'ஒன்-ஐட் ஜாக்ஸ்' கதைக்கு ஆரம்பகால வடிவம் ஒன்றை எழுதியவரே பெக்கின்பாதான். படம் வெளிவந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, நண்பன் ஷெரிஃபாகி நண்பனை வேட்டையாடும் கதையை 'பேட் கேரட் அண்ட் பில்லி த கிட்' என்று அவரே படமாக்கினார்.

பிராண்டோ வெட்டித் தொகுத்த படம் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பாரமவுண்ட் அதை வாங்கி இரண்டேகால் மணி நேரம் சொச்சமாகக் குறுக்கியது. முடிவை மாற்றியது. பாத்திரங்களின் சாம்பல் நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டார்கள் என்று பிராண்டோ வருத்தப்பட்டார். அப்படிச் சிதைந்த வடிவமே அந்த ஆண்டு ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் விழாவில் முதல் பரிசான தங்கச் சிப்பியைப் பெற்றது. பின்னர் படம் காப்புரிமை இழந்து பொதுச் சொத்தாகிவிடவே, மங்கிப்போன மலிவுப் பிரதிகள்தான் பல பத்தாண்டுகள் புழங்கின. 2016இல் மார்ட்டின் ஸ்கார்செஸி, ஸ்பீல்பர்க் ஆகியோரின் துணையோடு மீட்டெடுத்த பிரதி வந்த பிறகே, விஸ்டாவிஷனில் சார்லஸ் லாங் பிடித்த அந்தக் கடலை உலகம் ஒழுங்காகப் பார்த்தது. 2018இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் அது சேர்க்கப்பட்டது. வீழ்ச்சியின் முதல் படிகளில் ஒன்றாக இதையும் சொல்கிறார்கள்.

தன் சொந்தப் படநிறுவனத்தை யூனிவர்சலிடம் கொடுத்தபோது பிராண்டோ அவர்களுக்கு ஐந்து படங்கள் நடிக்கவும் ஒப்புக்கொண்டார். அவருடைய மோசமான படங்களில் பாதிக்கு மேல் இந்த ஒப்பந்தத்தின் குழந்தைகள். ஆனால் அதே ஒப்பந்தத்தில்தான் 'தி அக்ளி அமெரிக்கன்' (1963) வந்தது. சர்க்கான் என்ற கற்பனையான தென்கிழக்காசிய நாட்டுக்குத் தூதராகப் போகும் மெக்வைட், அங்கே நடப்பது எல்லாவற்றையும் கம்யூனிஸ்ட் சதியாகவே பார்த்து, தன் பழைய நண்பனான விடுதலைத் தலைவனை எதிரிப் பக்கம் தள்ளிவிடுகிறார். கடைசிக் காட்சியில் தன் தவறு புரிந்து தொலைக்காட்சியில் அமெரிக்க மக்களிடம் மன்றாடிப் பேசுகிறார். ஏதோ ஒரு வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் சலிப்போடு எழுந்து பெட்டியை அணைக்கிறார். படம் முடிகிறது. வியட்நாமுக்கு அமெரிக்கப் போர்ப்படைப் பிரிவுகள் போய் இறங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வந்த படம் இது. சர்க்கானின் பிரதமராக நடித்த குக்ரித் பிராமோஜ் 1975இல் தாய்லாந்தின் நிஜப் பிரதமராகவே ஆனார். படம் நெடுகிலும் சீரானது என்று சொல்ல மாட்டேன். தோற்கும் அமெரிக்கனை, அதுவும் நல்லெண்ணத்தாலேயே தோற்கும் அமெரிக்கனை, அன்று எந்த முன்னணி நாயகன் ஏற்று நடித்தான் என்று மட்டும் கேட்கிறேன்.

தோற்கும் மனிதன் என்ற இந்த இழை அடுத்து 'த சேஸ்' (1966) படத்துக்குப் போகிறது. ஆர்தர் பென் இயக்கம், லிலியன் ஹெல்மன் திரைக்கதை. டெக்சாஸ் சிற்றூர் ஒன்றின் ஷெரிஃபாக பிராண்டோ. சனிக்கிழமை இரவுக் குடியில் ஊரே வெறிகொண்டு கிடக்க, சிறையிலிருந்து தப்பிய ஒரு கைதியைப் பற்றி, லாக்கப்பில் இருக்கும் கறுப்பின மனிதரிடமிருந்து உண்மையைப் பிடுங்க மூன்று பேர் நுழைகிறார்கள். தடுக்கிற ஷெரிஃபை அவர் அலுவலகத்துக்குள்ளேயே போட்டு அடிக்கிறார்கள். நட்சத்திரத்துக்கு விழும் அடி அளவாக விழும், சற்று நேரத்தில் திரும்பக் கொடுப்பார் என்றுதான் ரசிகர் காத்திருப்பார். இங்கே அடி நிற்பதில்லை. முகம் வீங்கி, கண் மூடி, ரத்தம் ஒழுகத் தள்ளாடி வெளியே வருகிறார் பிராண்டோ. ஊர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறது, ஒருவர் தாங்கவில்லை. இறுதியில் அவர் காப்பாற்ற முயன்ற அந்தத் தப்பிய கைதி படியேறும்போதே சுட்டுக் கொல்லப்படுகிறான். டல்லஸில் கென்னடி கொலைக் குற்றச்சாட்டில் பிடிபட்டவர் காவலில் இருக்கும்போதே சுடப்பட்டு மூன்று ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. சட்டம், நாயகன், சிற்றூரின் நல்ல மனம் என்று ஹாலிவுட் விற்றுவந்த மூன்றையும் ஒரே இரவில் போட்டு உடைத்த படத்தின் நடுவில் அவர் நின்றார்.

1967இல் ஜான் ஹூஸ்டன் இயக்கிய 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ் இன் எ கோல்டன் ஐ' படத்தில் அவர் ஏற்ற பாத்திரம், மான்ட்கமரி கிளிஃப்ட் நடிப்பதாக இருந்து, அவர் 1966இல் இறந்ததால் வந்தது. தென்மாநிலத்து ராணுவ முகாமில் மேஜர் பெண்டர்ட்டன். மனைவி எலிசபெத் டெய்லர். மேஜரின் ஆசை ஓர் இளம் சிப்பாய் மேல். அதைத் தனக்கே சொல்லிக்கொள்ளத் தெரியாதவர். ஆணும் ஆணும் கொள்ளும் உடலுறவு இல்லினாய் தவிர அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் சட்டப்படி குற்றமாக நடத்தப்பட்ட ஆண்டு அது. ஆண்மையின் சின்னமாக, 'ஸ்ட்ரீட்கார்' படத்து ஸ்டான்லி கோவால்ஸ்கியின் கிழிந்த பனியனை உலகுக்கே கொடுத்த நடிகர் இதைத் தொடுகிறார் என்றால், தன் சந்தை மதிப்பைத் தானே கொளுத்துகிறார் என்று பொருள்.

அதில் இரண்டு காட்சி. மனைவியின் குதிரையில் ஏறிய மேஜரை அது காட்டுக்குள் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பயந்து, தொங்கி, உரசிக் கீழே இறங்கியவர் அந்த வாயில்லா ஜீவனை விளாசுகிறார். அடித்து முடித்ததும் அப்படியே சரிந்து குழந்தைபோல விம்முகிறார். தலைமைப் பண்பு பற்றி வகுப்பெடுக்கும் அதிகாரியின் உள்ளே இருப்பது என்ன என்று அந்த அழுகை காட்டிவிடுகிறது. இன்னொன்று இறுதியில். சிப்பாய் இருட்டில் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்ட மேஜர், அவன் தன்னைத் தேடித்தான் வருகிறான் என்று நினைத்துக்கொள்கிறார். கையால் தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறார். அவ்வளவுதான், ஒரு பெண் பார்க்கும் படலத்துக்கு முந்தைய பதற்றம் அந்தக் கையில் இருக்கிறது. சிப்பாய் அவர் அறையைத் தாண்டி மனைவியின் அறைக்குப் போய்விடுகிறான். 'வாட்டர்ஃப்ரன்ட்' படத்தின் டாக்சி காட்சியை நடிப்புக்கு இலக்கணமாகப் பாடம் நடத்துகிறவர்கள் இந்தக் கையைப் பார்த்திருக்கிறார்களா? அந்த ஆண்டு சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை ஐவரில் பிராண்டோ இல்லை. வென்றவர் ராட் ஸ்டைகர், டாக்சியில் பிராண்டோவுக்குப் பக்கத்தில் அண்ணனாக உட்கார்ந்திருந்தவர்.

ஹூஸ்டன் இந்தப் படத்தைப் பொன்னிறம் பூசியதுபோன்ற வண்ணத்தில் வெளியிட்டார். சில நாட்களிலேயே வார்னர் நிறுவனம் அந்தப் பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வழக்கமான வண்ணத்தில் ஓட்டியது. 'ஒன்-ஐட் ஜாக்ஸ்' வெட்டப்பட்டது, இது நிறம் மாற்றப்பட்டது, அடுத்து நான் சொல்லப்போகும் படமும் அமெரிக்காவில் குறைக்கப்பட்டே வெளியானது. பிராண்டோவின் அறுபதுகளின் மிக முக்கியமான மூன்று படங்களும் எடுத்தவர் நினைத்த உருவத்தில் மக்களிடம் போய்ச் சேரவில்லை. சிதைத்து வெளியிட்டுவிட்டு, ஓடவில்லை என்று கைகழுவி, ஓடாததால் அவர் வீழ்ந்தார் என்று வரலாறும் எழுதியாயிற்று.

மூன்றாவது படம் 'கெய்மாடா' (1969). அமெரிக்காவில் 'பர்ன்!' என்ற பெயரில் வெளியானது. 'த பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' எடுத்த இத்தாலிய இயக்குநர் கில்லோ பொன்டகோர்வோ, கரும்பு விளையும் ஒரு கரீபியத் தீவை வைத்து அமைத்த கதை. போர்த்துகீசியரிடமிருந்து சர்க்கரை வணிகத்தைப் பிடுங்க பிரிட்டன் அனுப்பும் ஏஜென்ட் சர் வில்லியம் வாக்கராக பிராண்டோ. துறைமுகத்தில் தன் பெட்டியைத் தூக்க வந்த கறுப்பினக் கூலி ஹோசே டொலோரெஸை அவர் புரட்சித் தலைவனாக வளர்த்தெடுக்கிறார். வேலை முடிந்ததும் கப்பலேறுகிறார். பத்தாண்டு கழித்து, தான் வளர்த்த அதே தலைவனை ஒழிக்க சர்க்கரைக் கம்பெனியின் சம்பளக்காரராகத் திரும்பி வருகிறார். தீவின் காடும் ஊரும் தீயில் போகின்றன. ஹோசேவாக சிட்னி பாய்ட்டியே நடிக்கலாம் என்று யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நினைத்தது. பொன்டகோர்வோ, சினிமாவையே அறியாத கொலம்பிய நாட்டு மாடு மேய்ப்பவரான எவரிஸ்தோ மார்க்கஸைப் பிடித்து நிறுத்தினார். உலகின் மிகப் பெரிய நடிகர் என்று பேர் எடுத்தவர், கேமராவை முதன்முதலாகப் பார்க்கிற ஒருவருக்கு எதிரே நின்று நடிக்க ஒப்புக்கொண்டார்.

தோட்ட முதலாளிகள் கூடியிருக்கும் அறையில் வாக்கர் பேசுகிற பேச்சு ஒன்று உண்டு. மனைவியை வைத்துக்கொள்வது லாபமா, தேவைக்குக் கூலி கொடுத்துப் பெண்ணிடம் போவது லாபமா என்று கேட்டு, அப்படியே அடிமைக்கும் கூலித் தொழிலாளிக்கும் வந்து சேர்கிறார். அடிமையைச் சாகும்வரை சோறு போட்டுக் காக்க வேண்டும். கூலியாளுக்கு வேலை நாளுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். இதை வெறுப்போடோ ஆவேசத்தோடோ பிராண்டோ சொல்வதில்லை. விருந்துக்கு வந்த கனவான் வேடிக்கையாக ஒரு கணக்குச் சொல்வதுபோல் சொல்கிறார். அடிமை ஒழிப்புக்குப் பின்னால் இருந்த பொருளாதாரத்தைப் பல புத்தகங்கள் விளக்குவதை ஒரு புன்னகை விளக்கிவிடுகிறது.

முடிவில் ஹோசே தூக்கிலிடப்பட இருக்கிறான். செத்தால் தியாகியாகிவிடுவான் என்று தெரிந்த வாக்கர் கட்டை அவிழ்த்துவிட்டு ஓடிப்போ என்கிறார். ஹோசே நகர்வதில்லை, வாய் திறப்பதும் இல்லை. படம் முழுக்கப் பேச்சாலேயே எல்லாரையும் ஆட்டுவித்தவருக்கு இப்போது பேச்சு பலிக்கவில்லை. ஏன் போகமாட்டேன் என்கிறாய், இதனால் உனக்கு என்ன லாபம் என்று கேட்கிறார்; குரல் கெஞ்சலாக இறங்குகிறது. லாப நஷ்டக் கணக்குக்குள் அடங்காத ஒரு மனிதனை முதன்முதலாகப் பார்க்கும் திகில் அந்த முகத்தில் பரவுகிறது. தன் வாழ்நாளின் மிகச் சிறந்த நடிப்பில் சில இந்தப் படத்தில் இருப்பதாகத் தன் வரலாற்று நூலில் பிராண்டோவே எழுதினார். படப்பிடிப்பில் பொன்டகோர்வோவோடு அவருக்கு நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. படப்பிடிப்பு நடந்த கொலம்பியாவின் கார்டஹேனா வெயிலைத் தாங்காமல் பிராண்டோ கிளம்பிவிட, மிச்சத்தை மொராக்கோவில் எடுத்தார்கள். அப்படியிருந்தும் தான் வேலை செய்த மிகச் சிறந்த இயக்குநர்களில் ஒருவர் அவர் என்றும் அதே நூலில் சொன்னார். தன் தொழிலை மதிக்காதவர் இப்படி எழுதுவாரா?

அரசியலில் இறங்கி நடிப்பைக் கோட்டைவிட்டார் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. 1963 ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங்கின் வாஷிங்டன் பேரணியில் நின்றார். 1964 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தின் புயாலப் ஆற்றில், பூர்வகுடிகளின் மீன்பிடி உரிமைக்காக வலை வீசிக் கைதானார். 1968 ஏப்ரலில் கிங் சுடப்பட்டதும், நடிக்க ஒப்புக்கொண்டிருந்த எலியா கசானின் 'தி அரேஞ்ச்மென்ட்' படத்தை விட்டு விலகினார். அந்த ஆண்டு அவர் நடிக்கப் போனது 'கெய்மாடா'வுக்கு. நடிப்பும் அரசியலும் அவரிடம் ஒரே தடத்தில் ஓடியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1973இல் 'காட்ஃபாதர்' ஆஸ்கரை மறுத்து, பூர்வகுடிகளுக்காகப் பேச சஷீன் லிட்டில்ஃபெதரை மேடைக்கு அனுப்பியதைத் திடீர்க் கிறுக்காகப் பார்ப்பவர்கள், அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே அவர் ஆற்றில் இறங்கியிருந்ததை அறியாதவர்கள்.

சோம்பேறி, வசனம் மனப்பாடம் செய்யாமல் அட்டையைப் பார்த்துப் படித்தவர் என்பார்கள். சரி. 'காட்ஃபாதர்' படப்பிடிப்பிலும் வசன அட்டைகளை எதிரே நிற்கும் நடிகரின் நெஞ்சில் ஒட்டிவைத்தே நடித்தார். ஒரே பழக்கம் ஓடிய படத்தில் மேதைமை, ஓடாத படத்தில் சோம்பலா?

'நாயகன்' (1987) வழியாகக் காட்ஃபாதரை வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட தமிழ் ரசிகருக்கு பிராண்டோ என்றால் கன்னம் உப்பிய அந்தக் கிழவர்தான். விட்டோ கோர்லியோனே வானத்திலிருந்து குதிக்கவில்லை. குரலை உயர்த்தாமல் சாவுக்கு உத்தரவிடும் கனவானை பிராண்டோ வாக்கராக ஏற்கெனவே நடித்துப் பார்த்துவிட்டார். மாஃபியாவை அமெரிக்க முதலாளித்துவத்தின் ஓர் உருவமாகவே பார்த்ததாக அவர் பேட்டியில் சொன்னதை, சர்க்கரைக் கம்பெனிக் கதையோடு சேர்த்துப் படித்தால் இரண்டும் ஒரே கம்பெனி என்று விளங்கும். மனைவியை இழந்த மனிதன் அந்தரங்கம் குலைந்து நிற்கும் 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' (1972) மேஜர் பெண்டர்ட்டனின் அழுகை இல்லாமல் வந்திருக்காது. 1972 என்பது அறுவடை. விதைத்த ஆண்டுகளைத் தரிசு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உயிர்த்தெழுந்த பிறகு நடந்ததையும் பார்க்கலாம். 'லாஸ்ட் டாங்கோ'வின் வன்முறைக் காட்சியில் என்ன நடக்கப்போகிறது என்று 19 வயது மரியா ஷ்னைடருக்கு முன்கூட்டி முழுதாகச் சொல்லாமல் இயக்குநர் பெர்தொலூச்சியும் பிராண்டோவும் படமாக்கினார்கள். அந்த அவமானத்தை ஷ்னைடரே பின்னாளில் சொன்னார். பிராண்டோவின் படங்களிலேயே அறம் சார்ந்து மிகக் கடுமையாகக் கேள்வி கேட்க வேண்டியது, சிகரம் என்று கொண்டாடப்படும் ஆண்டுகளில்தான் இருக்கிறது. பணத்துக்காக நடித்தார் என்ற புகாருக்குச் சரியான இடம் 1978: 'சூப்பர்மேன்' படத்தில் இரண்டு வார வேலைக்கு 37 லட்சம் டாலரும் வசூலில் பங்கும். தயாராகாமல் வந்தார் என்ற புகாருக்குச் சரியான இடம் 1976, பிலிப்பைன்ஸ், 'அபோகலிப்ஸ் நவ்' படப்பிடிப்பு. இந்தக் குற்றங்களை எல்லாம் எடுத்து அறுபதுகளின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

இந்த இழை அவர் கடைசிக் காலம்வரை அறுபடவில்லை. ஒன்பது ஆண்டு ஒதுங்கியிருந்தவர் 1989இல் 'எ டிரை ஒயிட் சீசன்' படத்துக்காக வந்தார். தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிரான கதை. இயக்கியவர் மார்த்தினிக் தீவைச் சேர்ந்த கறுப்பினப் பெண் யூசான் பால்சி. தொழிற்சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கு பிராண்டோ நடித்தார். அதற்குக் கிடைத்தது அவருடைய எட்டாவது ஆஸ்கர் பரிந்துரை.

பின்னே ஏன் வீழ்ச்சிக் கதை சாகமாட்டேன் என்கிறது? நடிகரின் வாழ்வை ஆஸ்கர் நாட்காட்டியை வைத்து அளக்கும் சோம்பல்தான் காரணம். 'சயோனாரா'வுக்குப் பிறகு 'காட்ஃபாதர்' வரை அவருக்கு ஒரு பரிந்துரையும் இல்லை. விருது இல்லாத ஆண்டில் வேலையும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம். அகாதமி அன்று எதைப் பார்க்க மறுத்தது என்று கேட்டிருந்தால் பதில் வேறாக வந்திருக்கும்: காலனியக் கொள்ளை, இனவெறி, சொல்ல முடியாத ஆசை, தோற்கும் அமெரிக்கா.

இதை நம்பச் சொல்லிக் கேட்கவில்லை, சரிபார்க்கச் சொல்கிறேன். மீட்டெடுக்கப்பட்ட 'ஒன்-ஐட் ஜாக்ஸ்', 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ் இன் எ கோல்டன் ஐ', வெட்டுப்படாத இத்தாலியப் பிரதியில் 'கெய்மாடா' ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு, வேண்டுமானால் 'காட்ஃபாதர்' இன்னும் பெரிய படம் என்று சொல்லுங்கள், நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் இவற்றில் நடித்தவரைச் செத்தவர் என்று இனி எழுதாதீர்கள். 1954இல் பிராண்டோ அமெரிக்க நடிப்பை மாற்றினார். 1961இலிருந்து 1969 வரை, தன்னை நேசித்த கூட்டம் ஒவ்வொருவராக எழுந்து போவதைத் தெரிந்தே, அந்த நடிப்பை எங்கெல்லாம் கொண்டுபோகலாம் என்று காட்டினார். இரண்டில் கடினமானது இரண்டாவதுதான்.